மராமத்துப் பலகை

ஆனையூரில் ரோகிணி வீட்டுத் தெருமுனையில் ஒரு சின்னப் படிப்பகம் உண்டு. தெருக்காரர்களே நடத்துவது. அதன் கதவில் கொஞ்ச நாளாக ஒரு நீளப் பலகை தொங்கியது.

‘மராமத்து வேலை நடக்கிறது. உள்ளே வரக் கூடாது.’

ரோகிணிக்குப் பொறுக்கவில்லை. அவள் பாதி படித்திருந்த துப்பறியும் கதை உள்ளே மாட்டிக்கொண்டது. முத்துமாலையைத் திருடியது யார் என்று தெரியாமல் சோறு இறங்குமா?

எதிரே சைக்கிள் கடை வைத்திருந்த சிவக்குமாரிடம்தான் படிப்பகத்தின் சாவி இருந்தது. பலகையை எழுதியதும் அவர்தான்.

“அண்ணே, மராமத்துன்னா என்ன?”

“ரிப்பேர் பாக்குறதும்மா.”

“அப்ப ரிப்பேர்னே எழுதியிருக்கலாம்ல?”

“மராமத்துன்னு எழுதுனாத்தான் ஒரு கெத்து” என்றார் சிவக்குமார், பஞ்சர் ஒட்டிக்கொண்டே.

ரோகிணி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். அலமாரியின் நடுத்தட்டு முறிந்து, புத்தகங்கள் தரையில் குவிந்து கிடந்தன. வேலை செய்ய ஓர் ஈ, எறும்புகூட இல்லை.

“யாரையுமே காணோமேண்ணே?”

“ஆசாரி நாளைக்கு வாரேன்னு சொல்லிருக்காரு.”

அந்த நாளை வரவே இல்லை. வானம் மட்டும் கறுத்துக்கொண்டு வந்தது. படிப்பக வாசலில் மழைத்தண்ணீர் ஓடும் கால்வாயோ மண்ணடித்துக் கிடந்தது. மழை கொட்டினால் தண்ணீர் நேராக உள்ளேதான் போகும். புத்தகமெல்லாம் கூழாகிவிடும் என்று ரோகிணிக்குப் பயமாக இருந்தது.

சனிக்கிழமை அவள் திருவாதவூரில் இருக்கும் செல்லத்தாய் சித்தி வீட்டுக்குப் போனாள். சித்தி தலையில் துண்டைக் கட்டி, மண்வெட்டியோடு கிளம்பிக்கொண்டிருந்தார்.

“எங்க சித்தி போறீங்க?”

“கம்மாய்க்கு. இன்னைக்கு வரத்துக்கால் மராமத்து.”

ரோகிணி துள்ளிக் குதித்தாள். இங்கேயும் மராமத்தா!

“நானும் வாரேன்!”

அங்கே பலகை எதுவும் தொங்கவில்லை. ஊரே கூடி, கண்மாய்க்குத் தண்ணீர் வரும் கால்வாயைத் தூர்வாரிக்கொண்டிருந்தது. ரோகிணியும் ஒரு சின்னக் கூடையில் மண் சுமந்தாள்.

“இவங்களையெல்லாம் யாரு வரச் சொன்னது சித்தி?”

“யாரு சொல்லணும்? தண்ணி நமக்குத்தான வேணும்? வீட்டுக்கு ஒரு ஆள் வந்துருவோம்.”

ரோகிணி கூடையைக் கீழே வைத்துவிட்டு யோசித்தாள். புத்தகம் நமக்குத்தானே வேண்டும்?

ஊர் திரும்பியதும் அவள் தெருவில் ஒவ்வொரு கதவாகத் தட்டினாள். “நாளைக்குப் படிப்பகத்துல மராமத்து. வீட்டுக்கு ஒரு ஆள் வரணும்!”

மறுநாள் காலையில் ஆட்கள் வந்தார்கள். எல்லாம் அரை டிக்கெட்டுகள்! ஒவ்வொரு வீட்டிலும் இருப்பதிலேயே சின்ன ஆளைப் பார்த்து அனுப்பியிருந்தார்கள். பக்கத்து வீட்டு ஜோ தோசைக்கரண்டியோடு நின்றான்.

“அது எதுக்குடா?”

“மண்ணு சுரண்ட. எங்க வீட்ல மண்வெட்டி இல்ல.”

தோசைக்கரண்டி நன்றாகவே சுரண்டியது. கால்வாய் திறந்தது. ரோகிணி சிவக்குமாரிடம் சாவி வாங்கிக் கதவைத் திறந்தாள். இரண்டு பேர் உள்ளே போய்ப் புத்தகங்களைத் தூசி தட்டி அடுக்கினார்கள். இதைப் பார்த்த பிறகு சிவக்குமாரால் கடையில் உட்கார முடியவில்லை. சுத்தியலை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்.

“எல்லாம் சரி. தட்டுக்குப் பலகைக்கு எங்க போறது?”

ரோகிணி அலமாரியைப் பார்த்தாள். பிறகு கதவைப் பார்த்தாள். ஓடிப்போய் மராமத்துப் பலகையைக் கழற்றி வந்து அலமாரியில் வைத்தாள். கச்சிதமாக உட்கார்ந்தது.

“ஏ, அது நான் கைப்பட எழுதுனது!”

“எழுத்து அடிப்பக்கம் அப்படியே இருக்கட்டும்ணே.”

“வேலை முடிஞ்சதுன்னு நாலு பேருக்கு எப்படித் தெரியும்?”

“அதான் கதவு தெறந்திருக்குல்ல!”

சிவக்குமார் சிரித்துவிட்டு ஆணி அடித்தார்.

சாயங்காலம் மழை கொட்டியது. தண்ணீர் வாசலைத் தொடாமல் கால்வாயில் ஓடியது. ரோகிணி அலமாரியை ஒட்டித் தரையில் மல்லாந்து படுத்துத் தன் புத்தகத்தைத் திறந்தாள். தலைக்கு மேலே, தட்டின் அடியில், ‘மராமத்து வேலை நடக்கிறது’ என்று இருந்தது. அதைப் பார்த்துக் கண் சிமிட்டிவிட்டு, திருடனைப் பிடிக்கப் போனாள்.