சிவப்பு பிராம்ப்ட்

ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருந்த சர்வர் அறைக்கு அவள் காலை பத்தரைக்கு வந்து சேர்ந்தாள். தோளில் லேப்டாப் பை, நெஞ்சு நிறைய ஆத்திரம். இரண்டு மாதத்துக்கு முன் இதே அறையில், நாற்காலியில் சாய்ந்தபடியே அவளுடைய அண்ணன் செத்துப்போயிருந்தான். அவள் அவனுடைய தங்கை என்பது இங்கே யாருக்கும் தெரியாது. வெளிக் கம்பெனியிலிருந்து ஒரு வார வேலைக்கு வந்த லினக்ஸ்காரி, அவ்வளவுதான்.

கதவைத் திறந்துவிட்டவர் ஏசி மெக்கானிக். சாவியைக் கொடுத்துவிட்டு வாசலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டார்.

"உள்ள வரமாட்டீங்களா அண்ணே?"

"எனக்கு உள்ள என்னம்மா வேலை? இருபத்திரண்டுல வெச்சுட்டுப் போறேன், திரும்பி வந்தா பதினாலு காட்டுது. நாலு தடவை பார்ட் மாத்திட்டேன். போன வாரம் ஏசிக்குப் போற கரண்டையே நிறுத்திட்டுப் போனேன்." குரலைத் தாழ்த்தினார். "அப்பவும் பதினாலுதான்."

சொல்லிவிட்டு, இரண்டிரண்டு படியாக மேலே ஏறிப் போய்விட்டார்.

உள்ளே மின்விசிறிகளின் ஓயாத இரைச்சல். சூடேறிய தூசியின் வாடை. அதற்கு அடியில் தலைவலித் தைலத்தின் வாசம், யாரோ இப்போதுதான் நெற்றியில் தேய்த்துக்கொண்டது போல. அண்ணன் தேய்ப்பதும் அந்தத் தைலம்தான். அவனுடைய நாற்காலி மேசைக்கு முன்னால் அப்படியே இருந்தது. அதில் உட்கார மனம் வராமல் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

நடந்தது இதுதான். சோதனைக்கென்று இருக்கும் டெஸ்ட் சர்வரில் ஓட்ட வேண்டிய அழிக்கும் கட்டளையை அண்ணன், நிஜத் தகவல்கள் இருக்கும் லைவ் சர்வரில் ஓட்டிவிட்டான். நோயாளிகளின் மருந்துப் பட்டியல் அத்தனையும் போயிற்று. அன்று மாலை வார்டில் ஒரு பெரியவருக்கு ஒரே மருந்து இரண்டு முறை ஏற்றப்பட்டு அவர் இறந்துபோனார். அண்ணன் மூன்று நாள் வீட்டுக்குப் போகாமல், கண்ணை மூடாமல், அழிந்ததை எல்லாம் மீட்டுக் கொடுத்தான். நான்காம் நாள் அவன் இதயம் நின்றுபோயிற்று. செத்தவன் எதிர்த்துப் பேசமாட்டான் அல்லவா? விசாரணை அறிக்கையில் 'ஊழியரின் கவனக்குறைவு' என்று எழுதி வைத்துவிட்டார்கள். இன்று நாலு மணிக்கு விசாரணைக் குழு அதில் கையெழுத்துப் போடுகிறது. போட்டுவிட்டால் அவன் கொலைகாரன்தான். இறந்த பெரியவரின் மகன் ஏற்கெனவே வீட்டு வாசலில் நின்று அம்மாவைக் கேட்கக்கூடாத கேள்வியெல்லாம் கேட்டுவிட்டுப் போயிருந்தான்.

அவளால் அதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. காரணம் உண்டு.

கறுப்புத் திரையில், நாம் என்ன சொல்லப்போகிறோம் என்று ஒரு வரி காத்துக்கொண்டு நிற்குமே, அதுதான் பிராம்ப்ட். உள்ளே நுழைந்ததும் மெஷின் ஒரு தொடக்கக் கோப்பைப் படிக்கும். அந்த வரி எப்படி இருக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். பலபேர் அதைத் தொடவே மாட்டார்கள். அண்ணன் அப்படிச் சும்மா விடமாட்டான். அவளுடைய லேப்டாப்பில்கூட 'சாப்டியா தங்கச்சி' என்று கேட்கிற மாதிரி வைத்துக் கொடுத்திருந்தான். இங்கே டெஸ்ட் சர்வருக்குப் பச்சை, லைவ் சர்வருக்கு ரத்தச் சிவப்பு. ஒரு நாளைக்கு நூறு தடவை இரண்டுக்கும் மாறி மாறிப் போகிறவன் அந்த நிறத்தை நம்பித்தான் கை வைப்பான்.

அவள் லைவ் சர்வருக்குள் நுழைந்தாள். வெள்ளை. ஒரே ஒரு டாலர் குறி. சர்வரின் பெயர்கூட இல்லை. டெஸ்ட் சர்வரைத் திறந்தாள். அதுவும் வெள்ளை. இரண்டு ஜன்னலும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன, எது எது என்று அவளுக்கே தெரியவில்லை.

"எந்தப் புண்ணியவான்டா இந்த வேலையைப் பண்ணது?" என்று வாய்விட்டே கத்தினாள்.

தொடக்கக் கோப்பில் 'எல்லாவற்றுக்கும் ஒரே தோற்றம்' என்று ஒரு குறிப்பு. எழுதியவர் பெயர் இல்லை. எல்லோருக்கும் பொதுவான லாகினில் நுழைந்து மாற்றியிருந்ததால் யார் என்று தெரியவில்லை. எரிச்சலோடு என்டரைத் தட்டினாள்.

பிராம்ப்ட் சிவப்பாக வந்தது.

கோப்பை மறுபடி திறந்து வரி வரியாகப் பார்த்தாள். சிவப்பு என்று எங்கேயும் இல்லை. எந்தத் தொடக்கக் கோப்பையும் படிக்காமல் ஆரம்பி என்று மெஷினுக்குக் கட்டளையிட்டாள்.

சிவப்பு.

பிராம்ப்ட்டையே முழுவதும் காலி செய்தாள். இனித் திரையில் எதுவுமே வரக்கூடாது.

சிவப்பு.

இப்போது அதில் ஒரு ஃபோல்டரின் பெயரும் இருந்தது: 'பத்திரம்'. நாம் எந்த ஃபோல்டரில் நிற்கிறோம் என்று பிராம்ப்ட் காட்டுவது வழக்கம்தான். ஆனால் அவள் அங்கே நிற்கவில்லை. எங்கே இருக்கிறேன் என்று மெஷினைக் கேட்டாள். வேறு இடத்தைச் சொன்னது. அதற்கு அடுத்த வரியில் மறுபடி 'பத்திரம்' என்று வந்து நின்றது.

சுவரில் ஏசி பத்து காட்டியது. தைல வாசம் காதருகே வந்திருந்தது.

பக்கத்தில் இருந்த அண்ணனின் நாற்காலி முனகியது, யாரோ எடையைப் போட்டு உட்கார்ந்த முனகல்.

"அண்ணா?" என்றாள்.

நாற்காலி அவள் பக்கமாக ஒரு சாண் திரும்பியது.

ஓடிப்போயிருக்க வேண்டும். கால்கள் ஓடத் தயாராகத்தான் இருந்தன. ஆனால் பயத்தைவிட ஆத்திரம் பெரிதாக இருந்தது. அந்த ஃபோல்டருக்குள் போனாள். தொடக்கக் கோப்புகளில் யார் கை வைத்தாலும் பழையது, புதியது, தொட்டவர் எந்த மெஷினிலிருந்து வந்தார், எத்தனை மணிக்கு என்று தானாகவே பதிவாகும்படி அண்ணன் செய்து வைத்திருந்தான். அது ஒருவருக்கும் தெரியாது. விபத்துக்கு முதல் நாள் மாலை ஆறு நாற்பதுக்கு ஒரு பதிவு. எல்லா சர்வர்களும் ஒரே அடியில் வெள்ளையாக்கப்பட்டிருந்தன, அண்ணனுக்கு மேலே இருந்த மேலாளரின் மெஷினிலிருந்து.

அழுதுகொண்டே அதைக் குழுவில் இருந்த ஐந்து பேருக்கும் அனுப்பினாள். அனுப்பி முடிக்கவும் மேலாளர் உள்ளே வரவும் சரியாக இருந்தது.

"என்ன மேடம், வேலை எவ்வளவு தூரம்?"

"சார், இந்தப் பிராம்ப்ட் கலரை எடுத்தது யாரு?"

"நான்தான். வெளியில இருந்து பெரிய ஆளுங்க சுத்திப் பாக்க வந்தாங்க. ஸ்க்ரீனெல்லாம் பச்சை, சிவப்புன்னு சீரியல் லைட் மாட்டின மாதிரி இருந்துச்சு. ஒரே மாதிரி நீட்டா வெச்சேன்."

"இங்க வேலை பார்த்தவர்கிட்ட சொன்னீங்களா?"

"அன்னைக்கு அவர் லீவு. ஒரு கலருக்கெல்லாம் ஆளைத் தேடிப் போய்ச் சொல்லிட்டு இருப்பாங்களா?"

"அந்தக் கலர் இருந்திருந்தா அந்தப் பெரியவர் இருந்திருப்பார்யா! என் அண்ணன் இருந்திருப்பான்!"

அவர் முகத்தில் ஈயாடவில்லை. அவளைப் பார்த்தார், திரையில் இருந்த பதிவைப் பார்த்தார். பிறகு பாய்ந்து வந்து, ஸ்டூலோடு அவளைத் தள்ளிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"தங்கச்சியா நீ? நல்லா இருக்கே கதை. இதை அழிச்சா தீந்துச்சு. செத்தவன் எந்திரிச்சு வந்து சாட்சி சொல்லப் போறானா?"

ஃபோல்டரை அழிக்கும் கட்டளையை அடித்தார். அவர் அடித்து முடிப்பதற்குள் பிராம்ப்ட் வெள்ளையாகிவிட்டதை அவள் பார்த்தாள். 'பத்திரம்' என்ற பெயரும் மறைந்து, அது எந்த மெஷின் என்றே தெரியாமல் போயிற்று.

அவர் அதைக் கவனிக்கவில்லை. என்டரைத் தட்டினார்.

அவருடைய போன் அடித்தது. மேல்மாடியிலிருந்து உதவியாளரின் அலறல் அவளுக்கே கேட்டது. "சார், உங்க மெஷின்ல எல்லாம் தானா அழியுது சார்! மெயில், ரிப்போர்ட், எல்லாம் போயிட்டே இருக்கு!"

எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. அவருடைய சட்டையின் இரண்டு தோள்களிலும் துணி உள்வாங்கியிருந்தது. ஒவ்வொரு தோளிலும் நான்கு பள்ளங்கள், விரலகலத்துக்கு.

"விடச் சொல்லும்மா," என்று கிசுகிசுத்தார். "யாரு பிடிச்சிருக்கா? விடச் சொல்லு."

அவள் கையைக் கட்டிக்கொண்டாள். பார்த்துக்கொண்டு நின்றாள். மனசுக்கு நிறைவாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்?

பிடி தானாக விட்டபோது அவர் செருப்பைக்கூட எடுக்காமல் ஓடினார்.

அவளுடைய போனில் குழுத் தலைவரின் செய்தி வந்தது. அறிக்கை நிறுத்தப்பட்டது, தவறு ஊழியருடையது அல்ல. அவள் அந்தப் போனை வெற்று நாற்காலிக்கு முன்னால் பிடித்துக் காட்டினாள்.

"பாரு அண்ணா. உன் மேல தப்பில்லைன்னு சொல்லிட்டாங்க. அம்மாகிட்ட காட்டறேன். நீ போய் நிம்மதியாத் தூங்கு."

திரையில் பதிவுப் பட்டியலின் அடியில் புதிதாக ஒரு வரி ஏறியது. தொட்டவர் என்ற இடத்தில், செத்த அன்றே மூடிவிட்ட அண்ணனின் லாகின். நேரம், இந்த நிமிடம். அவன் கை வைத்திருந்த மெஷின் ஆஸ்பத்திரியுடையது அல்ல. மேலாளர் வீட்டு லேப்டாப்.

அடுத்த வரியும் ஏறியது. மேலாளரின் மகளுடைய போன்.

"அண்ணா, அது சின்னப் பொண்ணு. அவ என்ன பண்ணா? போதும்ணா."

நாற்காலி திரும்பி, மேசையோடு நெருங்கி நின்றது. யாரும் தொடாமல் கீபோர்டின் கட்டைகள் ஒவ்வொன்றாக அமுங்கத் தொடங்கின.