அழாத முகாம்

காதுக்குப் பின்னால் தணிப்பானை ஒட்டியதும் பெரும்பாலோர் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: சாப்பாடு எப்போது? கடல் ஊருக்குள் புகுந்து மூன்று நாளாகியிருந்தது. முகாமில் நானூறு பேர். ஓர் அழுகுரல்கூட இல்லை. துக்கம் மூளையில் கிளம்பும்போதே கண்டறிந்து, மெல்லிய மின்துடிப்பால் அதை அடக்கிவிடும் அந்தப் பொத்தான் அளவுக் கருவி.

நர்ஸ் ஜெனோவா முதல் நாளே தனக்கும் ஒன்றை ஒட்டிக்கொண்டாள். அவள் கணவன் சவரியானை அலை இழுத்துக்கொண்டு போயிருந்தது. அவன் இனி இல்லை என்று அன்றே ஏற்றுக்கொண்டாள். உட்காராமல் வேலை பார்த்ததில் கால்கள் வீங்கியிருந்தன. மனம் மட்டும் துடைத்த பலகைபோல் இருந்தது.

வேண்டாமென்றவர் மிக்கேல் ஒருவர்தான். அவருடைய மகளையும் காணவில்லை.

“ஒட்டிக்கிடுங்கண்ணே. கொஞ்சம் தூங்கலாம்.”

“நானும் தூங்கிட்டா எம்மவள யாரு தேடுவா தாயி?”

“மீட்புப் படகு இருக்கே.”

“முகாம்லேர்ந்து யாரும் வந்து கேக்கலன்னு நேத்தே திரும்பிட்டானுவ.”

ஒரு துடுப்புப் படகை எடுத்துக்கொண்டு அவர் தனியாகப் போனார்.

ஐந்தாம் நாள் மதியம் திரும்பியவர், ஜெனோவாவை வெளியே அழைத்தார். மகள் கிடைக்கவில்லை.

“அலையாத்திக் காட்டுக்குள்ள ஒன் வீட்டுக்காரரு கெடந்தாரு தாயி. காலு ஒடஞ்சிருந்துச்சு. சட்டையக் கிழிச்சுக் கொப்புல கொடி மாதிரிக் கட்டியிருந்தாரு. நேத்து வரைக்கும் உசிரு இருந்திருக்கும்போல.”

“சரிண்ணே,” என்றாள்.

சோற்றுக்கு வரிசையில் நிற்கச் சொல்லும் அதே குரல். அது அவளுக்கே கேட்டது. கை காதுக்குப் போனது.

டாக்டர் நவநீதம் விரைந்து வந்தார். “கழட்டாதம்மா. அடங்கிக் கெடந்ததெல்லாம் ஒரேயடியா வரும்.”

“வரட்டும் டாக்டர்.”

வந்தது. மணலில் விழுந்து பொழுது சாயும்வரை அழுதாள். மிக்கேல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அழுது ஓய்ந்தபோது சவரியான் செத்துப்போனது முதல்முறையாக அவளுக்கு உறைத்தது. அதைச் சுமந்துகொண்டு எழுந்து நிற்கவும் முடிந்தது.

“இன்னும் எத்தன பேரக் காணலண்ணே?”

“எம்மவளோட பதினேழு.”

முகாமுக்குள் போய்ச் செவந்தியின் முன் உட்கார்ந்தாள். செவந்தியின் பிள்ளைகள் இரண்டு பேரும் அந்தப் பதினேழில் இருந்தார்கள். செவந்தி பருப்புச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

“அதக் கழட்டிரட்டுமா செவந்தி? பிள்ளைகளத் தேடப் போவோம்.”

செவந்தி அமைதியாகப் புன்னகைத்தாள்.

“எதுக்கு சிஸ்டர்? நல்லாத்தானே இருக்கேன்.”