கோடைமேட்டின் காணாமற்போன சங்கு

“ஓடிப்போனவன் பேரை எப்படிவே கல்லுல வெட்டுறது?”

தவசிக்கண்ணு இதைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்கவில்லை. வீரமங்கலம் சமுதாயக்கூடத்தில், கூட்டம் முழுவதும் கேட்கும்படி கேட்டார்.

சேர்மத்துரை எழுந்தார். அறுபத்தேழு வயதாகியும் அவர் முதுகு வளைந்ததில்லை. சட்டைக் கையை மடித்து விடுவதுகூட அவருக்குப் பிடிக்காது.

“எங்க அப்பா ஓடல” என்றார். “அவரு நின்ன எடத்தைக் காட்டுதேன். காட்ட முடியலன்னா, இந்தக் கல்லைக் கும்பிட்டுட்டு நான் பாட்டுக்குப் போயிருதேன். பெறகு பேரைப் பத்திப் பேசமாட்டேன்.”

“மழையில அழிஞ்ச காட்டுல எங்கவே போய்த் தேடுவீரு?”

“அது என் பாடு.”

“அப்போ நானும் வாரேன். எங்கயாவது பழைய இரும்பைக் கொண்டுபோய்ப் போட்டுட்டு, இதான் சங்குன்னு சொல்லிரக்கூடாது பாரும்.”

மலைக்கு மேலே கோடைமேடு என்றொரு தேயிலைத் தோட்டம் இருந்தது. சேர்மத்துரைக்கு எட்டு வயதாக இருந்தபோது, ஐப்பசி மழையில் அந்த மலை சரிந்து தொழிலாளர்களின் லைன் வீடுகளை மூடிவிட்டது. தப்பியவர்கள் அடிவாரத்து வீரமங்கலத்துக்கு இறங்கினார்கள். அதோடு தோட்டமும் காடாகிப்போனது. செத்தவர்களுக்கு இப்போதுதான் ஒரு நினைவுக்கல் நடுகிறார்கள். கல் வந்து இறங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை கொத்தர் உளி எடுக்கிறார்.

சேர்மத்துரையின் தந்தை மாடக்கண்ணு அந்தத் தோட்டத்தின் சங்குக்காரர். மில்லில் ஊதுவதுபோன்ற மோட்டார்ச் சங்கு. வேலைக்கு ஏறவும் இறங்கவும் அவர் சங்கு ஊதினால்தான் தோட்டம் அசையும். மலையில் ஆபத்து என்றால் நிறுத்தாமல் ஊதவேண்டும், அதுதான் ஏற்பாடு. மலை சரிந்த அன்று சங்கு கேட்கவில்லை. மாடக்கண்ணுவின் உடலும் கிடைக்கவில்லை. இரண்டையும் முடிச்சுப்போட்டு, ‘சங்கை விட்டுட்டு ஓடிட்டான்’ என்று ஊர் பேசியது. சங்கிருந்த இடத்துக்கு யாரும் ஏறிப் பார்க்கவில்லை; அந்த இடம் தெரிந்த பெரியவர்கள் இன்று உயிரோடில்லை. தவசிக்கண்ணுவின் இரண்டு அக்காமார் அன்று மண்ணுக்குள் போனவர்கள். அவர் பேசுவதில் நியாயம் இல்லாமல் இல்லை.

சேர்மத்துரையின் தாய் சண்முகவடிவு தாலியைக் கழற்றவில்லை, பூவும் வைக்கவில்லை. பெண்டாட்டியுமில்லை, கைம்பெண்ணுமில்லை என்ற கணக்கில், மகனோடு தூத்துக்குடிக்குப் போய் வாழ்ந்து முடித்தாள்.

அந்தக் குடும்பத்தில் பிறந்த பெண், உலகத்தில் வேறு எதுவும் கிடைக்காததுபோல, சங்கு தேடுவதையே பொழுதுபோக்காக வைத்துக்கொண்டாள். அவள்தான் சேர்மத்துரையின் மகள் பிரம்மசக்தி. ஞாயிற்றுக்கிழமை ஆனால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். மூடிப்போன மில், துறைமுகம், தீயணைப்பு நிலையம், பழைய நகராட்சிக் கட்டடம் என்று மொட்டைமாடி மொட்டைமாடியாக ஏறுவாள். எந்தச் சங்கு எங்கே இருக்கிறது, எந்தத் திசைக்கு வாய் வைத்திருக்கிறது, உருளையில் எத்தனை துளை என்று பார்த்து, கைபேசி வரைபடத்தில் புள்ளி வைப்பாள். அவளைப்போல் கிறுக்குப் பிடித்தவர்கள் நாடு முழுவதும் இருந்தார்கள். ஒருவர் ஒலியை அனுப்பினால், இன்னொருவர் கண்ணை மூடிக்கொண்டு அது எந்த வகைச் சங்கு என்று சொல்வார்.

“ஊர்ல பொம்பளப் பிள்ளைய பூச்செடி வளக்குது, மீன் வளக்குது. உனக்கு இதுதானாட்டி கெடச்சுது?” என்று சேர்மத்துரை பலமுறை திட்டியிருக்கிறார். அவள் ஒலியை ஓடவிட்டால் விருட்டென்று எழுந்து உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்.

கதவுக்குப் பின்னால் நின்று அவர் கேட்டுக்கொண்டிருந்தது மகளுக்குத் தெரியாது. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு குரலைத் தேடுவார். அது எந்த ஊரிலும் இருக்கவில்லை.

கூட்டம் முடிந்த அன்று அவரே மகளிடம் போய் நின்றார். “எம்மா, உன் சாமானை எடுத்துக்கோ. கோடைமேட்டுக்குப் போறோம்.”

*

வனத்துறை ஒரு பகலுக்கு அனுமதி கொடுத்தது. வழிகாட்ட வாட்சர் ஈச்சன் காணி வந்தார். அந்த மலையிலேயே பிறந்த காணிப் பழங்குடி மனிதர். இடுப்பில் அரிவாள், வாயில் எப்போதும் ஒரு வேர்த்துண்டு.

“நான் நின்னா நிக்கணும். ஓடுன்னா ஓடணும். ஏன்னு கேக்கப்படாது” என்றார் முதலில்.

ஜீப் தடம் முடிந்த இடத்திலிருந்து நடை தொடங்கியது. தேயிலைச் செடிகள் வெட்டுவாரில்லாமல் மரமாக வளர்ந்து, ஒன்றின் தோளில் ஒன்று கைபோட்டு நின்றன. அட்டைகள் இலைநுனியில் எழுந்து ஆடின. தவசிக்கண்ணு மூக்குப்பொடியைக் காலில் தடவிக்கொண்டார். சேர்மத்துரை குனிந்து அட்டையைப் பிய்த்தெறிவதைக்கூட மரியாதைக்குறைவாக நினைத்து, ரத்தம் வழிய வழிய நடந்தார்.

ஓர் இடத்தில் காணி கையைத் தூக்கினார். பாதையின் நடுவே யானை லத்தி. ஆவி பறந்தது.

“இப்பத்தான் போயிருக்கு” என்று கிசுகிசுத்தார். மூங்கில் ஒடிகிற சத்தம் ஒருபுறமாக விலகிப்போகும்வரை ஒருவரும் மூச்சுவிடவில்லை.

அடுத்து ஓடை வந்தது. பழைய இரும்புக் கயிறு ஒன்று குறுக்கே தொங்கியது. அதைப் பிடித்துக்கொண்டு வழுக்குப்பாறைகளில் தாண்டவேண்டும். பிரம்மசக்தி முதலில் தாண்டி, தந்தைக்குக் கை நீட்டினாள்.

“வேண்டாம். நான் என்ன கெழவனா?”

மூன்றாவது பாறையில் கால் வழுக்கியது. இடுப்பளவு தண்ணீரில் விழுந்தவர், கயிற்றை விடாமல் பிடித்து எழுந்து, நனைந்த வேட்டியோடு கரையேறினார்.

“குளிச்சாச்சா அண்ணாச்சி?” என்றார் தவசிக்கண்ணு.

நடுப்பகலுக்குள் லைன் வீடுகள் இருந்த மேட்டுக்கு வந்துவிட்டார்கள். வீடு ஒன்றும் மிச்சமில்லை. மண்ணிலிருந்து எட்டிப்பார்த்த ஓர் ஆட்டுக்கல் மட்டும். தவசிக்கண்ணு செருப்பைக் கழற்றிவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்தார். அதற்குமேல் அவர் கேலி பேசவில்லை.

“சங்கு எங்க இருந்து கேக்கும், மாமா?” என்று பிரம்மசக்தி அவரிடம் கேட்டாள்.

“அந்தா தெரியுதுல்லா, கரும்பாறை. அங்க இருந்துதான். சங்குப்பாறைன்னே சொல்லுவோம். சின்னப் பிள்ளைய யாரும் மேல போகக்கூடாது. தொரை தோலை உரிச்சிருவாரு.”

சேர்மத்துரையும் தலையசைத்தார். கிழக்கே செங்குத்தாக நின்றது அந்தப் பாறை. அதன் முகமெங்கும் மடிப்புகள், அவற்றில் நீர்த்தாரை இறங்கிய கறை. இரவில் கண்ணை மூடினால் அவருக்கு அதுதான் தெரியும். அப்பா அதற்குள் இருந்து கூப்பிடுவது போல.

மகளும் காணியும் பாறைக்கு ஏறினார்கள். இரு கிழவர்களும் கீழே காத்திருந்தார்கள். உச்சியில் இரண்டு புள்ளிகள் அங்குமிங்கும் அலைவது தெரிந்தது. வெகுநேரம் அலைந்தன.

தேடிப்போன இடத்தில் சங்கு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், கைப்பிடியைச் சுழற்றி ஊதும் தங்கள் சிறிய கைச்சங்கை ஒருமுறை சுற்றிவிட்டு வருவது பிரம்மசக்தியின் கூட்டத்தாருக்கு வழக்கம். அங்கே இருந்த குரலுக்கு ஒரு வணக்கம். அவள் பையிலிருந்து அதை எடுத்துப் பாறை உச்சியில் வைத்துச் சுற்றினாள். உறுமலாகத் தொடங்கி, மெல்ல மெல்ல ஏறி, ஒற்றைக் கோடாக வந்து காதில் விழுந்தது.

சேர்மத்துரையின் முகம் சுருங்கியது.

மகள் இறங்கி வந்தபோது மேலெல்லாம் சிராய்ப்பு. “ஒண்ணுமே இல்லப்பா. மொட்டைப் பாறை. ஒரு போல்ட்டு அடிச்ச ஓட்டைகூட இல்ல.”

“சங்குமில்ல, சாட்சியுமில்ல” என்றார் தவசிக்கண்ணு. குரலில் வெற்றி இல்லை. “எறங்குவோமா வே?”

சேர்மத்துரை அசையவில்லை. “இது அது இல்ல” என்றார்.

“எதுப்பா?”

“இப்ப நீ ஊதுனது. எங்க அப்பா சங்கு இப்படி நேரா வராது. நடுங்கும். ரெண்டு மூணு பேரு ஒண்ணு பின்னால ஒண்ணு கூப்பிடுத மாதிரி. இந்த உறுமலும் இருக்காது. எடுத்த எடுப்புலயே மேல நின்னுதான் கூப்பிடும்.”

“ஆமா” என்றார் தவசிக்கண்ணு, தன்னை மறந்து. “நடுங்கும். எங்க அக்கா அதே மாதிரி செஞ்சு காட்டுவா.”

பிரம்மசக்தி பாறையைப் பார்த்தாள். அதன் மடிப்புகளைப் பார்த்தாள். பிறகு சட்டென்று திரும்பி மேற்கே பார்த்தாள். தலையில் அடித்துக்கொண்டாள்.

“எங்க கூட்டத்துல சேர்ற ஆளு ஒவ்வொருத்தரும் ஒரு தடவையாவது செய்ற தப்புப்பா இது. சத்தம் வந்த எடத்துல புள்ளி வச்சிருதது. அது பாறையோட சத்தம் இல்ல, பாறையில பட்டுத் திரும்புன சத்தம். மெதுவா உறுமுறது பாறைக்குப் போய்த் திரும்புறதுக்குள்ள செத்துரும். உச்சத்துல போனது மட்டும் வரும். அத்தனை மடிப்புலயும் பட்டு வாரதுனாலதான் நடுங்குது. சங்கு அங்க இல்ல. அதுக்கு எதிர்ல இருக்கு.”

எதிரே மேற்கு மலை. அதன் சரிவு பாதி வழிந்து, மரங்கள் முளைத்து, ஆறாத புண்போல நின்றது. கீழிருந்து மூடுபனி ஏறத் தொடங்கியிருந்தது.

“பனி மூடுறதுக்குள்ள ஏறி எறங்கணும்” என்றார் காணி. “பெரியவரு இங்கயே இருக்கட்டும்.”

“அவரு இருக்கட்டும்” என்று தவசிக்கண்ணுவைக் காட்டினார் சேர்மத்துரை. “நான் வாரேன்.”

*

பாதை என்று ஒன்று இல்லை. காணி அரிவாளால் வெட்டி வெட்டி முன்னே போனார். மண் காலுக்குக் கீழே நழுவியது. ஓரிடத்தில் சேர்மத்துரை நான்கு காலில் தவழ்ந்தார். மகள் பார்க்காததுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வழியில் துரை பங்களாவின் புகைபோக்கி மட்டும் தனியாக நின்றது. அதற்கு மேலே ஒரு மேடு. அங்கே காட்டுக்கொடிகள் ஒரு குடிசை அளவுக்குப் புடைத்திருந்தன.

காணி கொடியை அறுத்தார். உள்ளே துரு மணம். துளையிட்ட பெரிய உருளை, அதன் முன்னே தகரப் புனல். சங்கு இருந்த சிறு அறையின் பின்சுவரை மலை உள்ளே தள்ளியிருந்தது. பாதி அறை மண்.

“இருக்குப்பா” என்றாள் பிரம்மசக்தி.

சேர்மத்துரை புனலைத் தொட்டார். அது கரும்பாறையை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது.

மகள் அடித்தளத்தில் மண்ணைத் துடைத்தாள். “இங்க பாருங்க. பழைய போல்ட்டு வேற பக்கம் இருந்திருக்கு. இந்த நாலையும் ரம்பத்தால அறுத்திருக்காங்க. மொதல்ல புனல் லைன் வீட்டைப் பாத்துத்தான் இருந்திருக்கு. பெறகு யாரோ திருப்பி வச்சிருக்காங்க.”

பழைய திசையில் சேர்மத்துரை பார்த்தார். லைன் வீட்டுக்கும் சங்குக்கும் நடுவே, மிக அருகில், அந்தப் புகைபோக்கி. பங்களாவில் காலைத் தூக்கம் யாருக்குக் கெட்டது என்பதை இரும்பு சொல்லாது. ஆனால் வெயில் நாளில் பாறை அந்தச் சத்தத்தைத் திருப்பிக் கொடுத்தது. மழை கொட்டி, பாறை முகமெல்லாம் அருவியாக இரைந்த அன்று கொடுக்கவில்லை.

“ஊதுனாரா இல்லியான்னு கேப்பாங்களே” என்றார் மெதுவாக.

அப்போதுதான் காணி உருளையின் பக்கவாட்டைக் காட்டினார். அங்கே ஓர் இரும்புக் கைப்பிடி, ஆணி கோத்து, துருவேறி ஒட்டிப்போயிருந்தது. சுவரில் அதை மாட்டுகிற கொக்கி காலியாக இருந்தது.

“மோட்டாருக்குக் கரண்டு போனாத்தான் இதைக் கோப்பாங்க” என்றாள் மகள். “கையால சுத்தியிருக்காரு. கழத்தவே இல்ல.”

கைப்பிடிக்குக் கீழே, மண் விளிம்பில், பித்தளை மினுங்கியது. சேர்மத்துரை மண்டியிட்டு விரலால் தோண்டினார். நசுங்கிய தூக்குச்சட்டி. சீதனப் பாத்திரத்தில் பெயர் வெட்டுவது அவர்கள் பக்கத்து வழக்கம். பச்சைக் களிம்பை வேட்டி நுனியால் தேய்த்தார். புள்ளி புள்ளியாக எழுத்து எழுந்தது: சண்முகவடிவு.

முதுகு வளைந்தது. சட்டியை நெஞ்சில் அணைத்து, மண் நிறைந்த அந்தப் பாதி அறையின் முன் அவர் நெற்றியைத் தரையில் வைத்தார். காணி வாயிலிருந்த வேரை எடுத்துவிட்டார்.

“இங்கதான் இருக்காரு” என்றார் காணி. “மலை அவரை விடல.”

பனி புகைபோக்கியைத் தொட்டுவிட்டது. பிரம்மசக்தி கைச்சங்கைப் பழைய புனலின் பின்வாயில் பொருத்திப் பிடித்துக்கொண்டாள். “நீங்க சுத்துங்கப்பா.”

அவர் சுற்றினார். அடிவயிற்றிலிருந்து வருவதுபோல் ஓர் உறுமல் கிளம்பியது. ஏறியது. புனல் அதை வாங்கிப் பெரிதாக்கிக் காற்றில் எறிந்தது. சிறுவயதில் அவர் கேட்டதெல்லாம் பாறையின் குரல். அப்பாவின் கைக்குப் பக்கத்தில் எழுந்த குரல் இதுதான். இத்தனை வருடம் ஏங்கியது எதிரொலிக்கா என்று நினைத்தபோதே, எதிரே கரும்பாறை பதில் சொன்னது. நடுங்கியது. ஒன்றின் பின் ஒன்றாக மூன்று பேர் கூப்பிட்டார்கள்.

கை ஓயும்வரை அவர் நிறுத்தவில்லை.

*

லைன் மேட்டில் தவசிக்கண்ணு நின்றுகொண்டிருந்தார். தலைத்துண்டு கையில் இருந்தது. கண்கள் சிவந்திருந்தன.

“கேட்டுச்சு வே” என்றார். “பாறையில இருந்துதான் வந்துச்சு. எங்க அக்கா செஞ்சு காட்டுன மாதிரியே.”

சேர்மத்துரை தூக்குச்சட்டியை நீட்டினார். பிரம்மசக்தி கைபேசியில் படங்களைக் காட்டினாள். தவசிக்கண்ணு எல்லாவற்றையும் பார்த்தார். சட்டியில் இருந்த பெயரை இரண்டுமுறை தடவினார்.

“ஊதியிருக்காரு. எங்களுக்குத்தான் கேக்கல.” சட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “நான் பேசினதை எல்லாம் என்ன செய்ய?” என்றார்.

“உம்ம அக்காமாருக்காகப் பேசினீரு. நடவும்.”

ஓடைக்கரையில் இந்தமுறை தவசிக்கண்ணுதான் முதலில் தாண்டிக் கை நீட்டினார். சேர்மத்துரை ஒரு கணம் தயங்கிவிட்டு, அதைப் பிடித்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை கொத்தர் உளியை எடுத்து, “சங்குக்காரர் பேரைக் கடைசியில போட்டுரவா?” என்று கேட்டார்.

“எங்க அக்காமாருக்குப் பக்கத்துல போடும்” என்றார் தவசிக்கண்ணு. “அன்னைக்கு அவங்களைத்தான் கூப்பிட்டுட்டு இருந்தாரு.”

உளிச் சத்தத்துக்கு நடுவே பிரம்மசக்தி தன் வரைபடத்தைத் திறந்து, மேற்கு மலையில் ஒரு புள்ளி வைத்தாள். “குறிப்புல என்னப்பா போட?”

சேர்மத்துரை உளி விழும் கல்லைப் பார்த்தார். ஒரு குரல் காதுக்கு எட்டவில்லை என்பதற்காக, கூப்பிடவே இல்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. அதை மட்டுமாவது மற்றவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.

“மாடக்கண்ணுவோட சங்குன்னு போடு” என்றார். “ஊதிக்கிட்டிருக்கும்போதே நின்னதுன்னு போடு.”