விருந்தாளியின் சைக்கிள்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொள்ளுங்கள். மனதைக் கனக்க வைக்கும் கதைதான். ஆனாலும் உங்களைப் பாதி வழியில் விட்டுவிட்டுப் போகமாட்டேன்.

பிரிட்டிஷ் கொலம்பியாவில் எங்கள் மலையூருக்குச் சைக்கிள் பந்தயம் வந்தால், வெளிநாட்டுக்காரர்களுக்கு ஊரார் வீட்டில் இடம் கொடுப்பது வழக்கம். வேல்ஸிலிருந்து வந்த நெரிஸும் அவள் கணவன் கெத்தினும் காசிடி வீட்டில் தங்கினார்கள். காசிடியும் பந்தயக்காரிதான், அவள்தான் ஜெயிப்பாள் என்று ஊரே நம்பியிருந்தது, நெரிஸ் வரும்வரை.

பந்தயத்தன்று பாறைச் சரிவின் வளைவில் நெரிஸ் சைக்கிளை நிறுத்த முடியாமல் பள்ளத்தில் விழுந்து இறந்தாள்.

மறுநாள் காலை, டெல்லாவின் சைக்கிள் கடைக்கு கெத்தின் வந்தான். போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மார்கோ அங்கே காபி குடித்துக்கொண்டிருந்தாள்.

"சாயங்காலம் போலீஸ் என்னைப் பிடிக்க வர்றாங்கம்மா. பிரேக்கை யாரோ கெடுத்திருக்காங்களாம். அவ சைக்கிளைப் பழுது பாக்குறவன் நான் ஒருத்தன்தானே. முந்தின நாள் சண்டை வேற போட்டோம். எதுக்கு? சாக்ஸ் துவைக்கலைன்னு!" என்றான் கெத்தின்.

நெரிஸின் சைக்கிளைச் சோதித்துச் சொல்லும்படி போலீஸ் டெல்லாவின் கடையில்தான் விட்டிருந்தது.

"வலது கைப்பிடிகிட்ட பிரேக் குழாயோட நட்டு தளர்ந்திருக்கு, அக்கா! பிரேக்கைப் பிடிக்க வைக்கிற எண்ணெய் பூரா கசிஞ்சு போச்சு," என்று துடிதுடித்தாள் டெல்லா.

மார்கோ எதையும் தொடவில்லை. குந்தி உட்கார்ந்து, அந்தக் கைப்பிடியிலிருந்து கிளம்பிய குழாய் எங்கே போய் முடிகிறதென்று கண்ணாலேயே தொடர்ந்தாள்.

"இதை யார்கிட்ட சொன்னே?"

"போலீஸ்கிட்ட மட்டும். ஊருல 'பிரேக் போச்சு'ங்கறதோட சரி."

நெரிஸின் உடைகளை எடுக்க மூவரும் காசிடி வீட்டுக்குப் போனார்கள். காசிடியின் கண்கள் வீங்கியிருந்தன.

"எனக்கு மனசே ஆறலை," என்றாள். "பின் பிரேக் போனா என்ன, முன் பிரேக்கைப் பிடிச்சு நின்னிருக்கலாமே!"

டெல்லா தலையாட்டினாள். மார்கோ ஆட்டவில்லை.

"டெல்லா, உன் சைக்கிள்ல வலது கை பிரேக் எந்தச் சக்கரத்துக்கு?"

"இது என்னக்கா கேள்வி? பின்சக்கரம். இங்க எல்லாருக்கும் அப்படித்தானே?"

"உங்க ஊர்ல, கெத்தின்?"

கெத்தின் சொன்னான்: "முன்சக்கரம்."

"நெரிஸ் இழந்தது முன் பிரேக்கை. அந்தச் சரிவுல அதுதான் உயிர். வலது கை முன்சக்கரத்துக்குன்னு கெத்தினுக்குத் தெரியும். போனது பின் பிரேக்குன்னு ஒருத்தர் நினைக்கணும்னா, வலப்பக்கத்து நட்டுதான் தளர்ந்ததுன்னு தெரிஞ்சிருக்கணும். இந்த ஊர்ப் பழக்கமும் இருக்கணும். எந்தப் பக்கம்னு உங்கிட்ட யாரும் சொல்லலையே, காசிடி?"

காசிடி ஒப்புக்கொண்டாள். "அவ ரெண்டு வளைவு பின்தங்கட்டும்னுதான் பண்ணினேன். சத்தியமா அவ்வளவுதான்."

டெல்லா தன் வலது கையையே பார்த்தாள். அவளும் 'பின் பிரேக்' என்றுதானே நினைத்தாள்!

மார்கோ போலீஸை அழைத்தாள். கெத்தின் யாரையும் பார்க்கவில்லை. வாசலில் நெரிஸின் காலணிகள் இன்னும் ஈரமாக இருந்தன. ஊருக்கு எடுத்துப் போக, அவற்றிலிருந்த சேற்றைத் தன் சட்டை நுனியால் துடைக்கத் தொடங்கினான்.

உங்கள் கூரையின் கீழ் கண்ணயரும் விருந்தாளி எவரும், வந்த காலாலேயே நடந்து வீடு திரும்பட்டும், கண்ணுகளா. உங்கள் வீட்டார் போகிற இடத்திலும் அப்படியே ஆகட்டும்.