செல்ஃப் அடிக்கும்போது மட்டும்

கள்ளிக்குப்பத்தில் இருந்த எத்திராஜின் பட்டறைக்குக் கார்த்திகேசனின் காரைக் கயிறு கட்டி இழுத்து வந்தபோது மதியம் இரண்டு மணி. வெயிலில் தகரக் கூரை முனகிக்கொண்டிருந்தது.

பதினெட்டு நாட்களுக்கு முன் அந்தக் காருக்கு டைமிங் பெல்ட் மாற்றியவர் எத்திராஜ்தான். அன்று ஒழுங்காக ஸ்டார்ட் ஆகி வீடு போய்ச் சேர்ந்தது. மறுநாள் விடியற்காலையில் கார்த்திகேசனின் மனைவி ஷர்மிளாவுக்கு மூச்சிழுப்பு வந்தது. அவள் நெஞ்சில் தைலம் தேய்த்து, பின் சீட்டில் உட்கார வைத்துவிட்டுச் சாவியைத் திருப்பினான். செல்ஃப் அடித்தது, எஞ்சின் பிடிக்கவில்லை. பத்து நிமிடம் விடாமல் திருப்பிப் பார்த்துவிட்டு ஆட்டோ தேடி ஓடினான். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு மூச்சில்லை.

எத்திராஜ் சாவுக்குப் போய் மாலை போட்டுவிட்டு வந்தார். அங்கே யாரும் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் அவரைத் தூங்கவிடவில்லை.

இன்றும் கார்த்திகேசன் சண்டைக்கு வரவில்லை. என்ன கோளாறு என்று பார்க்கச் சொல்லிவிட்டு, வாசல் ஸ்டூலில் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான்.

பேட்டரி நன்றாக இருந்தது. டீசல் வந்தது. எத்திராஜ் பெல்ட் மூடியைக் கழற்றினார். பெல்ட்டை ஒரு பல் தள்ளி மாட்டிவிட்டோமோ என்று பதினெட்டு நாளும் பயந்திருந்தார். குறிகள் இம்மியும் பிசகாமல் நேராக நின்றன. மனசு கொஞ்சம் இலேசானது. உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினார்.

எஞ்சின் சுற்றியது. அந்தச் சுற்றலுக்கு அடியில் இன்னொரு சத்தம். மெல்லிய விசில் போல. இழுத்து, நின்று, மறுபடி இழுத்து.

சாவியை விட்டார். சத்தம் நின்றது.

எங்கோ காற்று கசிகிறது என்று நினைத்து மறுபடி திருப்பினார்.

முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது.

கண்ணாடியில் பின் சீட் காலியாகத் தெரிந்தது. ஆனால் தைல வாசனை அடித்தது. காற்றுக்குத் திணறும் ஒரு மூச்சு அவர் பிடரியில் சில்லென்று பட்டது.

இறங்கிவிட்டார். எப்படியாவது வேலையை முடித்துவிட வேண்டுமென்று வண்டிக்கு அடியில் படுத்தார். அப்போதுதான் கிராங்க் சென்சாரின் பிளக் கண்ணில் பட்டது. பெல்ட் மாற்றும்போது அவரே கழற்றி மாட்டியது. பாதிதான் உள்ளே போயிருந்தது. ஓட்டத்தில் இன்னும் தளர்ந்து நழுவியிருந்தது. எஞ்சின் சுற்றுகிறது என்று அந்த ஒயர் சொன்னால்தான் எஞ்சினுக்குள் டீசல் பாயும்.

விரலால் அழுத்தினார்.

டிக்.

அவ்வளவுதான்.

சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. மூச்சும் இல்லை, தைல வாசனையும் இல்லை. கார்த்திகேசன் எழுந்து வந்தான். சென்சார் செத்துவிட்டது என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். எத்திராஜ் ஒரு கணம் அதை நினைக்கவும் செய்தார்.

"பிளக்கு லாக் ஆவல சார். நான்தான் சரியா சொருவல. என் தப்பு."

கார்த்திகேசன் எஞ்சினை அணைத்தான். பிறகு தாழ்ந்த குரலில், "செல்ஃப் அடிச்சப்போ உங்களுக்கும் கேட்டுச்சாண்ணே?" என்றான்.

எத்திராஜ் தலையாட்டினார்.

தினமும் ஆபீஸ் விட்டு வந்ததும் சாவியைத் திருப்பிப் பார்ப்பானாம். வண்டி ஸ்டார்ட் ஆகாதவரை அவள் பின்னால் இருப்பாளாம். தனக்குத்தான் புத்தி பிசகிவிட்டதோ என்று தெரிந்துகொள்ளவே இங்கே கொண்டுவந்தானாம். சொல்லிவிட்டு அந்தப் பிளக்கைத் திரும்பக் கழற்றச் சொன்னான்.

"வாணாம் சார். அந்தம்மா மூச்சுக்கு அல்லாடிகினு கீறாங்க. உட்ருங்க."

"ஒரே ஒரு தடவை. அன்னிக்கு நான் திரும்பியே பாக்கலண்ணே. சாவியவே பாத்துட்டு இருந்துட்டேன்."

எத்திராஜ் கழற்றிவிட்டார்.

கார்த்திகேசன் ஒரு கையால் சாவியைத் திருப்பினான். உடம்பை முழுக்கப் பின்னால் திருப்பி, மறு கையைக் காலி சீட்டின் மேல் வைத்தான். மூச்சு வந்தது. அவன் ஏதோ மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருந்தான். வெளியே நின்ற எத்திராஜுக்கு வார்த்தை புரியவில்லை. கண் கலங்கி வேறு பக்கம் பார்த்தார்.

செல்ஃப் தளர்ந்தது. முக்கியது. பேட்டரி தீர்ந்து அடங்கியது.

கார்த்திகேசன் சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்டு எத்திராஜைப் பார்த்தான்.

பின் சீட்டில் மூச்சு அடங்கவில்லை.