எச்சில் தொட்ட ஓரங்கள்

திங்கட்கிழமை ஆறு மணிக்கு எழுந்தான். பல் துலக்கினான். பாலை அடுப்பில் வைத்தான். பழக்கதோஷத்தில் இரண்டு டம்ளர் எடுத்து, ஒன்றைத் திரும்ப வைத்தான். முகம் கழுவும்போதுதான் கவனித்தான். வலது கண்ணிமை ஓரம் ஈரமாக இருந்தது. பீளை இல்லை. தொட்டு முகர்ந்தான். இருமல் மருந்தின் இனிப்பும் கழுவாத வாயின் புளிப்பும் கலந்த வாடை. சோப்புப் போட்டுத் தேய்த்தான்.

அந்த வாடை அவனுக்குத் தெரியும். மனைவி இறப்பதற்கு முந்தைய மாதம் அறை முழுக்க அதுதான்.

அவன் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். நாளெல்லாம் விரலை நாக்கில் தொட்டுத் தாள் புரட்டுகிற கை. அவள் தூங்கியபின் தலையணைக்கடியிலிருந்து அவள் புத்தகங்களை உருவியதும் அதே கைதான். எந்த வரிக்குப் பென்சில் புள்ளி வைத்திருக்கிறாள், எந்தப் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறாள் என்று பார்ப்பான். தன்னை விட்டுப் போகும் எண்ணம் அவளுக்கு இருக்கிறதா என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். பக்க ஓரங்கள் உப்பி, பழுத்து, அவனைக் காட்டிக்கொடுத்தன. ஒருநாள் அவற்றை அவள் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். தேள் கொட்டிய திருடன்போல் அவன் வாய் திறக்கவில்லை.

ஆனால் தங்கையிடம் திறந்தான். அவள் வாய் சும்மா இருக்காது. சாப்பாட்டு மேசையில் எல்லோர் முன்னாலும் கேட்டாள்: "என்ன அண்ணி, தனியா வாழ்றது எப்படின்னு பரீட்சை எழுதப் போறீங்களாமே?"

சிரித்தார்கள். அவனும். அதன்பின் மனைவி புத்தகம் தொடவில்லை. கொஞ்ச நாளில் இருமலில் படுத்தாள். எழவில்லை.

செவ்வாய், இடது இமை. புதன், இரண்டும். அன்றிரவு கதவைத் தாழிட்டு, கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு படுத்தான்.

விழிப்பு வந்தபோது கட்டு இல்லை. துணி தலையணைக்கடியில் இருந்தது, நாலாக மடித்து. கண் திறக்க வரவில்லை. மேலே, மிக அருகில், நாக்கில் விரல் படும் சத்தம். வாடை. பிறகு இமை ஓரத்தில் குளிர்ச்சி. வழவழப்பு. ஒரு விரல் நுனி இமையைப் பிரித்துத் தூக்கியது. தாளைத் தூக்குவதுபோல. நிதானமாக.

கருவிழியில் பென்சில் முனை.

ஒரு புள்ளி.

மனைவி கடைசியாக என்ன சொன்னாள் என்று கேட்டவர்களிடமெல்லாம், நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னாள் என்றிருந்தான். அவள் சொன்னது அதுவல்ல.

"என்னைப் படிச்சு முடிச்சிட்டீங்கல்ல. இனி என் முறை."