கடைசிச் சொல்

தாலின் நகரத்து விழா அரங்கில் திலகவதிக்கு முன்வரிசையில் இடம் போட்டிருந்தார்கள். உலகத் தகவல்நுட்ப மேன்மை விருதுக்கு இறுதிச் சுற்று வரை வந்த கருவிகளில், திரையோ பொத்தானோ இல்லாதது அவள் வடிவமைத்த 'இசைவி' ஒன்றுதான். இசைவி பேசும், கேட்கும், அவ்வளவே. நிலப் பத்திரம், பள்ளி மாற்றம், அறுவைச் சிகிச்சை என்று மாநிலத்தில் இப்போது எதற்கும் கையெழுத்துக் கிடையாது. இசைவி தொலைபேசியில் கூப்பிட்டு விவரம் சொல்லும். மனிதர் "சரி" என்றால் காரியம் முடிந்தது. கோப்புகள் தேங்கிக் கிடந்த அலுவலகங்கள் துடைத்துவிட்டதுபோல் இருந்தன, நடுவர் குழு அதைத்தான் வியந்து வியந்து எழுதியிருந்தது.

தாலினில் அப்போது நண்பகல், திருச்சியில் மணி இரண்டரை. விழா தொடங்கும் நேரத்தில் அண்ணன் மாசிலாமணி கூப்பிட்டார். வாழை மண்டி வைத்திருப்பவர். அவள் விமானம் ஏறிய மறுநாள்தான் அப்பா தேவராசன் நிமோனியாவில் விழுந்து மூச்சுக்கருவியில் கிடந்தார். ஒரு வாரம் பொறுத்தால் மீண்டுவிடுவார் என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

"பாப்பா, ஒரு சந்தேகம். மூணு மணிக்கு அப்பாவோட மூச்சு மிஷினை எடுக்கிறாங்களாம். தேறிட்டாருன்னுதானே அர்த்தம்?"

"யாருண்ணே சொன்னா?"

"நர்ஸம்மா சொல்லுச்சு. காலையில உன் இசைவியும் கூப்பிட்டு என்னமோ நீளமா பேசிச்சு. லாரியில வாழைத்தார் ஏத்திக்கிட்டு இருந்தேன். சரிங்க, சரிங்கன்னு கேட்டுக்கிட்டேன்."

திலகவதிக்குப் புரிந்துவிட்டது. எழுபது வயது தாண்டிய நோயாளி என்றால், மூன்றாம் நாள் இசைவி வீட்டாரைக் கேட்கும் கேள்வி அது. கருவியை அகற்றிவிடலாமா என்று கேட்கும். 'சரி' என்று பதில் வந்தால் அகற்றிவிடுவார்கள்.

"தேறலண்ணே. அதை எடுத்தா அப்பா போயிருவாரு."



"நான் எங்க பாப்பா எடுக்கச் சொன்னேன்? கேட்டுக்கிட்டேன், அவ்வளவுதானே."

அவளுக்கு இது புதிய செய்தி அல்ல. சோதனைக் காலத்திலேயே கண்டுகொண்டாள். நம் ஜனங்கள் சொல்லும் நூறு 'சரி'யில் முப்பதுக்கு, காதில் விழுந்தது என்று மட்டும்தான் பொருள். சிலதுக்குத் தொலையட்டும் என்று பொருள். 'ஆளை விடு' என்பதும் உண்டு. எந்தச் 'சரி' எது என்று திருப்பிக் கேட்க இசைவியைப் பழக்கியிருக்கலாம். பழக்கினால் இசைவு விகிதம் சரியும், கோப்பு தேங்கும், விருதுக் குழு எட்டிக்கூடப் பார்க்காது. எல்லாவற்றையும் சம்மதக் கணக்கிலேயே சேர்த்தாள். தெரிந்தேதான் சேர்த்தாள்.

பக்கத்தில் துறைச் செயலர் ஞானப்பிரகாசம் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தார். திலகவதி விஷயத்தைச் சொன்னாள். "நிறுத்துவிசை என் ஃபோன்லதான் இருக்கு சார். இப்பவே இசைவியை நிறுத்தினா நிலுவையில இருக்கிற உத்தரவெல்லாம் நின்னுடும். எங்கப்பாவோடதும் நின்னுடும்."

"நிறுத்தினா ஏன் நிறுத்தினேன்னு கேப்பாங்கம்மா. அப்புறம் ரெண்டு வருஷமா வாங்கின அத்தனை சரியையும் தோண்டுவாங்க. வீடு போனவன் வருவான், வயல் போனவன் வருவான். சொன்னதை மாத்திச் சொல்ல உங்கண்ணனுக்கு மறுபேச்சு உரிமை இருக்கில்ல? ஒரு ஃபோன்ல முடியிற காரியம்."

அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. அப்படிப் பட வேண்டும் என்று அவளுக்கும் ஆசை இருந்தது. விசையைத் தொடாமல் அண்ணனைக் கூப்பிட்டாள்.

"மறுபேச்சுக்குப் பதிஞ்சிட்டேன், இசைவி மறுபடி கூப்பிடும்ணே. எடுக்கலாமான்னு கேக்கும். கூடாதுன்னு சொல்லுங்க. புரியுதா? கூடாது. ஒரே வார்த்தை."

"கூடாது. கூடாது. இதுல என்ன பாப்பா இருக்கு, சொல்லிடறேன்."

மூன்றாம் ஆளாக இணைப்பில் நுழைந்தாள். கேட்கலாம், பேச முடியாது. சொந்தக்காரர்கள் நடுவில் புகுந்து மனதைக் கலைக்கக் கூடாது என்று அவளே செய்து வைத்த ஏற்பாடு.

இசைவியின் குரல் பதமாக வந்தது. "வணக்கம். மறுபேச்சு ஒரு முறை மட்டுமே. இணைப்பு முடியுமுன் நீங்கள் கடைசியாகத் தரும் பதிலே முடிவு. அது உடனே மருத்துவமனைக்குப் போய்விடும், பிறகு யாராலும் மாற்ற இயலாது. தேவராசன் அவர்களின் மூச்சுக்கருவியை மூன்று மணிக்கு அகற்றலாமா?"

"கூடாதுங்க," என்றார் மாசிலாமணி. "கூடவே கூடாதுங்க."

"மறுப்பைக் குறித்துக்கொண்டேன்."

திலகவதிக்குக் கண் நிறைந்துவிட்டது. அண்ணன் பிசகாமல் சொல்லிவிட்டார். மேடையில் யாரோ அவள் பெயரைத் தப்பும் தவறுமாக உச்சரிக்க, அரங்கு கைதட்டியது. ஞானப்பிரகாசம் எழுந்து நின்று அவளுக்கு வழிவிட்டார்.

"வேறு எதுவும் இல்லையென்றால் இணைப்பை முடித்துக்கொள்ளலாம்," என்றது இசைவி.

நம் ஊரில் யார்தான் மொட்டையாகத் தொலைபேசியை வைப்பார்கள்? அதிலும் அப்பாவைக் காப்பாற்றிக் கொடுத்த குரலிடம்.

"ரொம்ப நன்றிங்க," என்றார் மாசிலாமணி. "சரிங்க, வச்சிடறேன்."

திலகவதி கத்தினாள். முன்வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. திருச்சியில் அது யாருக்கும் கேட்கவில்லை.

"இசைவு உறுதியானது," என்றது இசைவி. "வணக்கம்."

நிறுத்துவிசையை அழுத்தினாள். இசைவி அந்தக் கணமே நின்றது. ஆனால் உத்தரவு ஏற்கெனவே மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. மூச்சுக்கருவி மூன்று மணிக்குத் தானே அணையும், அதைத் தடுக்கும் கைக்குச் சிறை என்று போன ஆண்டுதான் சட்டம் வந்திருந்தது. மேடையில் கண்ணாடிக் கோப்பையோடு அவளுக்காகக் காத்திருந்தார்கள்.

அண்ணன் மறுபடி கூப்பிட்டார். குரலில் தெம்பு வந்திருந்தது.

"பாப்பா, நீ சொன்ன மாதிரியே சொல்லிட்டேன். கேட்டுக்கிட்டுதானே இருந்தே? நல்லாத்தானே சொன்னேன்?"

திருச்சியில் மணி மூன்றாக எட்டு நிமிடம் இருந்தது.

"நல்லாத்தான் சொன்னீங்கண்ணே," என்றாள். "போய் அப்பா கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காருங்க."

"சரி பாப்பா," என்றார் மாசிலாமணி.